பழைய ஈயத்தை உருக்கிச் சுத்தம் செய்ய எந்த ப்ளக்ஸ் போடலாம்?

தூத்துக்குடிப் பக்கம் வீச்சுவலைக்கு ஈயமணியும் தூண்டிலுக்கு ஈயக்குண்டும் வார்த்துக் கொடுப்பது என் தொழில். புது ஈயம் வாங்கி வார்த்தால் கட்டுப்படியாகாது. அதனால் பழைய சாமான் கடைக்கு வரும் ஈயத்தைத்தான் உருக்குகிறேன். பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறை, கிழிந்த வலையிலிருந்து கழற்றிய மணிகள், கார் சக்கரத்தில் பேலன்ஸுக்கு அடித்திருந்த எடைக்கட்டிகள், எப்போதாவது மூடிவிட்ட அச்சகத்து எழுத்துகள் என்று கலந்துகட்டி வரும். வார்க்கப் பழகும் பையன்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, அழுக்கு எடுக்க என்ன போடணும்? வெங்காரமா, நவச்சாரமா, மெழுகா?"

அப்படி அழுக்கெடுக்கப் போடும் சரக்கைத்தான் ப்ளக்ஸ் என்கிறோம். அவசரத்துக்குப் பதில் வேண்டுமென்றால் இதோ: முதல் உருக்கலுக்கு நன்றாகக் காய்ந்த மரத்தூள், அது முடிந்த பிறகு சுண்டைக்காயளவு மெழுகு. வேண்டுமானால் மரத்தூளோடு ஒரு சிட்டிகை பைன் பிசின். மற்ற எதையும் சட்டிக்குள் போட வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டு செய்கிறவர்களுக்காக மீதியை எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் நாளைக்கு யாராவது புதிதாக ஒரு பொடியைக் கொண்டுவந்து காட்டினாலும் அதை எடைபோட உங்களுக்கே வரும்.

சட்டியில் மிதப்பது என்ன?

ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகிய நிமிஷமே காற்று பட்டு மேலே பாலாடை போல ஓர் ஏடு கட்டும். அதை ஒதுக்கினால் அடியில் கண்ணாடி மாதிரி பளபளப்பு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் மங்கும். கரண்டியால் கலக்கக் கலக்க இந்த ஏடு உடைந்து சாம்பல் நிறப் பொடியாகச் சேரும். பலபேர் அது மொத்தமும் அழுக்கு என்று நினைத்து வழித்து வெளியே கொட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பொடியை ஒரு டப்பாவில் போட்டுத் தூக்கிப் பாருங்கள், கை இறங்கும். அழுக்குக்கு அந்தக் கனம் கிடையாது. அதில் மூன்று சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, மண், சிப்பித்தூள், கரி என்று நிஜமான அழுக்கு. இரண்டு, காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிப்போன ஈயம். மூன்று, அந்த ஆக்சைடுத் தோலுக்குள் சின்னச் சின்ன மணிகளாக மாட்டிக்கொண்ட நல்ல ஈயம். எடையில் பெரும்பங்கு இந்த மூன்றாவதுதான்.

மண்ணும் சிப்பியும் இரும்பும் ஈயத்தைவிட லேசானவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.9, துத்தநாகம் 7.1. சாதாரண அழுக்கெல்லாம் தானாகவே மேலே வந்துவிடும். அதை எடுக்க ஒரு ப்ளக்ஸும் தேவையில்லை, ஜல்லிக்கரண்டி போதும். ப்ளக்ஸின் வேலை அதற்கு அடுத்தது: ஆக்சைடாகப் போனதைத் திரும்ப உலோகமாக்க வேண்டும், தோலுக்குள் மாட்டிய மணிகளை விடுவித்துச் சட்டியோடு சேர்க்க வேண்டும், மிச்சமிருக்கும் வேண்டாத ஆக்சைடுகளைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இளக்கி என்று படித்திருப்பீர்கள். அது உலைக்களத்துக் கதை; நம் சட்டியின் சூட்டில் இந்த மூன்றும் நடக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

நான் எந்த ப்ளக்ஸையும் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன்: கடைசியில் எவ்வளவு பொடி மிஞ்சுகிறது? பொடி குறைந்தால் காசு மிச்சம். அதைவிடப் பெரிய காரணம், ஈயம் உடம்புக்குள் போவது இந்தப் பொடியாகத்தான். நானூறு டிகிரிக்குக் கீழே உருகிய ஈயத்திலிருந்து வரும் ஆவி மிகக் குறைவு. வழிக்கும்போது பறக்கும் தூசியும், அது ஒட்டிய கையும்தான் ஆளைக் கெடுக்கும்.

மரத்தூள்

மரத்தூளை ஈயத்தின் மேல் போட்டதும் புகைந்து கருகும். அப்போது வரும் வாயுக்களும் மிஞ்சும் கரியும் ஈய ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஈயம் திரும்ப ஈயமாகிச் சட்டிக்குள் இறங்கும். கால்சியம், அலுமினியம், துத்தநாகம் மாதிரி உலோகங்களின் ஆக்சைடுகளை இந்தச் சூட்டில் கரியால் மீட்க முடியாது. அவை கரியோடும் சாம்பலோடும் சேர்ந்து மேலேயே தங்கிவிடும், அப்படியே வழித்துவிடலாம். வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து வேண்டாததைப் பிடித்துவைக்கும் இந்தக் குணம் மெழுகுக்கு இல்லை.

எந்த மரத்தூள் என்பதில் கவனம் வேண்டும். பைன் மாதிரி பிசின் உள்ள மரம் முதல் தரம். பேக்கிங் பெட்டி உடைக்கிற இடத்தில் அந்தத் தூள் கிடைக்கும், ஆனால் மருந்து ஏற்றாத மரம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேம்பு, பூவரசு, மா எதுவாக இருந்தாலும் வேலை நடக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். அறுத்த தூள் கூடவே கூடாது. அதில் இருக்கும் பசை புகைந்து கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். பச்சை நிறம் ஏறிய, கரையான் அரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்தின் தூளும் கூடாது. அந்த மருந்துகளில் ஒரு வகையில் ஆர்செனிக் உண்டு. மரவாடியில் எல்லாத் தூளும் ஒரே குவியலாகக் கிடந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரு மரத்தை அறுக்கும்போது சாக்கு விரித்துப் பிடித்த தூள்தான் நம்பகமானது.

கடற்கரைக் காற்றில் மரத்தூள் எப்போதும் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் பரப்பிக் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் வைப்பேன். உபயோகிக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் திரும்ப வெயிலுக்குப் போகட்டும்.

செய்முறை இப்படி. பத்துக் கிலோ ஈயம் சட்டியில் உருகி, 360, 370 டிகிரிக்கு வந்ததும், மிதக்கும் எடைக்கட்டிக் கிளிப், கல், குப்பையை முதலில் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிட வேண்டும். பிறகு நல்ல கைப்பிடி மரத்தூளை மேலே பரவலாகத் தூவ வேண்டும். உடனே கலக்கக் கூடாது. புகை வரும், முதலில் வருவது வெள்ளையாக இருக்கும், அதில் பாதி நீராவி. அது அடங்கித் தூள் பழுப்பாகிக் கறுக்க ஆரம்பிக்கும் வரை பொறுக்க வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் தூளை ஈயத்துக்கு அடியில் அமுக்கினால் அங்கே தண்ணீர் நீராவியாகி வெடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டராக விரியும். ஒரு சொட்டு போதும், உருகிய ஈயம் முகத்துக்கு வரும்.

தூள் கறுத்ததும் நீளமான குச்சியில் தீ வைத்துப் புகைக்குக் காட்டுங்கள். புகை பற்றிக்கொண்டு எரியும், கண் எரிச்சல் குறையும். இப்போது கலக்கலாம். நான் காய்ந்த வேப்பங்கம்பால்தான் கலக்குகிறேன். கம்பு தானும் கருகி, சட்டியின் அடிவரை கரியைக் கொண்டுபோகும். கம்பும் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்; முதலில் அதை ஈயத்துக்கு மேலே கொஞ்ச நேரம் காட்டிச் சூடேற்றிய பிறகே உள்ளே இறக்குங்கள். பக்கச் சுவரைச் சுரண்டி, அடியைத் தடவி, மேலே கிடக்கும் கரியையும் சாம்பல் பொடியையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம், வேலை நடப்பது இந்தத் தேய்ப்பில்தான். கரண்டியின் முதுகால் பொடியைச் சட்டி ஓரத்தில் அமுக்கிப் பார்த்தால் அதிலிருந்து பளபளவென்று மணிகள் கசிந்து ஓடி உள்ளே போவது கண்ணுக்கே தெரியும். முதலில் கனமாக, ஈரமாக இருப்பது மாதிரி கட்டிக்கட்டியாகத் தெரிந்த பொடி, மெல்ல மெல்ல லேசாகி, காற்றில் பறக்கிற சாம்பலாக மாறும். அந்தப் பதம் வந்ததும் வழித்துவிடலாம்.

அழுக்கான ஈயத்துக்கு இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். போதுமா என்று பார்க்க, வழித்த பிறகு ஈயத்தின் மேற்பரப்பைக் கவனியுங்கள். பளபளப்பு கொஞ்ச நேரமாவது நின்று, பிறகு மெதுவாக மங்கினால் சரி. வழித்த உடனேயே தடித்த தோல் கட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, அல்லது சூடு அதிகம்.

மெழுகு

சாதா மெழுகுவத்தி, தேன்மெழுகு இரண்டும் ஆகும். சுத்தமான ஈயக் கட்டியைத் திரும்ப உருக்கி மணி வார்க்கும்போது மெழுகுதான் வசதி. சாம்பல் மிஞ்சாது, அச்சுக்குள் கரி போகாது, கலக்கிய உடனே மேற்பரப்பு தெளியும். பத்துக் கிலோவுக்குச் சுண்டைக்காயளவு. அதற்கு மேல் போட்டால் புகைதான் கூடும். போட்ட ஒன்றிரண்டு நொடியில் ஆவியாகிக் குப்பென்று தீப்பிடிக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். முகத்தைச் சட்டிக்கு மேல் நீட்டாமல் பக்கவாட்டில் நின்று போடுங்கள். தலைக்கு மேல் கீற்றுக் கொட்டகை இருந்தால் மெழுகையே நினைக்க வேண்டாம்.

மெழுகு ஆக்சைடை மீட்கும், மாட்டிக்கொண்ட மணிகளை விடுவிக்கும், அதோடு சரி. வேண்டாத ஆக்சைடுகளைப் பிடித்துவைக்க அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பழைய சாமான் கடை ஈயத்துக்கு மெழுகை மட்டும் போட்டால் மேலே பளபளப்பாகத் தெரியும், வார்த்த மணியில் கறுப்புப் புள்ளியும் ஓட்டையும் வரும். முதல் உருக்கலுக்கு மரத்தூளுக்குப் பதில் இதை நம்பாதீர்கள்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. மெழுகு செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும், புகை அதிகம். வண்டியில் வடித்த பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். அதில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களும் தேய்ந்த உலோகத் தூளும் புகையோடு உங்கள் நெஞ்சுக்குத்தான் போகும்.

குங்கிலியமும் ரோசினும்

வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிற, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கிற இடத்தில் குங்கிலியம் எப்போதும் இருக்கும், அதனால் இங்கே பலபேர் கைக்கு அதுதான் முதலில் வரும். ஒரு சிட்டிகை பொடித்துப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். பைன் பிசினான ரோசின் அதைவிட நன்று. இரண்டிலும் ஒரு தொல்லை: சட்டி ஓரத்திலும் கரண்டியிலும் கறுப்பாகப் பசை ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக அது தடித்து, உரித்தால் உள்ளே ஆக்சைடும் மண்ணும் அடைபட்டுக் கிடக்கும். நான் மரத்தூளோடு ஒரு சிட்டிகை ரோசினைக் கலப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பற்றவைக்க விற்கும் சால்டரிங் பேஸ்ட்டை ரோசின் என்று நினைத்துப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் துத்தநாகக் குளோரைடு இருக்கிறது. நாம் துரத்த நினைக்கும் துத்தநாகத்தை நாமே அழைத்துவந்த கணக்காகும்.

வெங்காரம் ஏன் வேண்டாம்?

பொற்கொல்லர்கள் வெங்காரம் போடுவதைப் பார்த்தவர்கள் ஈயத்துக்கும் அதுவே சரி என்று நினைக்கிறார்கள். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். வெங்காரம் 743 டிகிரியில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, ஆக்சைடுகளைக் கரைத்துக்கொள்ளும். தங்கக் குகையில் அந்தச் சூடு இருக்கிறது, அதனால் அங்கே அது அருமையான ப்ளக்ஸ். நம் சட்டி 370 டிகிரி. அங்கே வெங்காரம் உருகவே உருகாது. பொரிந்து, உப்பி, வெள்ளை நுரையாகக் காய்ந்து, சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆக்சைடை அது உலோகமாக்குவதும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதா வெங்காரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான், படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். தொட்டுப் பார்த்தால் மணலாக உலர்ந்திருக்கும், ஈரம் இருப்பதே தெரியாது. அதைப் போட்டுக் கையோடு கலக்கினால் என்ன ஆகும் என்று மரத்தூள் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

நவச்சாரம் இதைவிட மோசம். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுகிறவர்கள் அதைத் தூவித் துடைப்பார்கள். அங்கே அதன் வேலை பாத்திரத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து பூச்சு பிடிக்க வைப்பது. உருகிய ஈயத்தின் மேல் விழுந்தால் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவும் பிரிந்து அடர்ந்த வெள்ளைப் புகையாக எழும். நெஞ்சு அடைக்கும். இரும்புச் சட்டியும் கரண்டியும் மறுநாளே துருப்பிடித்து நிற்கும். கந்தகம் போட்டால் எல்லா அழுக்கும் போகும் என்று ஒரு பேச்சும் நடமாடுகிறது. ஈயத்திலிருந்து செம்பைப் பிரிக்கப் பெரிய ஆலைகளில் கந்தகம் பயன்படுத்துகிறார்கள், அதற்கான புகைபோக்கியும் வடிகட்டியும் அங்கே இருக்கின்றன. தெருவோரச் சட்டியில் அந்த வேலை வேண்டாம்.

ப்ளக்ஸால் ஆகாதது

துத்தநாகம் கலந்துவிட்டால் நான் மேலே சொன்ன எதுவும் அதை வெளியே எடுக்காது. இதை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் மொத்தச் சட்டியும் வீணாகிற இடம் இது. துத்தநாகம் கலந்த ஈயம் கரண்டியிலிருந்து ஒழுகாமல் திட்டுத்திட்டாக நிற்கும், அச்சின் மூலைகளை நிரப்பாது, எத்தனை தடவை வழித்தாலும் தடித்த ஏடு வந்துகொண்டே இருக்கும்.

துறைமுகப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். படகின் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க் அனோடு என்று ஒரு துத்தநாகக் கட்டியை அடித்திருப்பார்கள். பாதி கரைந்த அந்தக் கட்டியும் பழைய ஈயமும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி தெரியும், ஒரே சாக்கில் வரும். சக்கர எடைக்கட்டியிலும் இப்போது துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. ஐரோப்பாவில் ஈய எடைக்கட்டிக்குத் தடை வந்து 2005-லிருந்தே மாறிவிட்டார்கள். கட்டியில் இசட் என் என்று பொறித்திருந்தால் துத்தநாகம், எஃப் ஈ என்றால் இரும்பு, பி பி என்றால் ஈயம். எழுத்து அழிந்திருந்தால் கட்டிங் பிளேயரால் ஓரத்தைக் கடித்துப் பாருங்கள். ஈயம் சுலபமாக வெட்டுப்படும், துத்தநாகம் வழுக்கும். சிமெண்ட் தரையில் போட்டால் ஈயம் மொத்தென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். இன்னும் சந்தேகமென்றால் பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள்: துத்தநாகத்தில் நுரைத்துப் பொங்கும், ஈயத்தில் சும்மா கிடக்கும். ஆசிட் பட்ட கட்டியைக் கழுவிக் காயவைக்க மறக்க வேண்டாம்.

இத்தனையும் தாண்டி ஒன்று உள்ளே போய்விட்டாலும் சூடு காப்பாற்றும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். சட்டியை 380-ஐத் தாண்ட விடாமல் வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், தூக்கிவிடலாம். நேரமானால் மெல்லக் கரையவும் கூடும் என்பதால் பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். உருகட்டும் என்று தீயைக் கூட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்குத்தான் சட்டி கெடுகிறது.

சூட்டை அளக்கக் கே டைப் தெர்மோகப்பிள் கம்பியோடு வரும் டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளக்கும் ஈயத்தின் மேல் தப்பான அளவு காட்டும், நிஜத்தைவிட மிகக் குறைவாக. அதை நம்பித் தீயைக் கூட்டுவது ஆபத்து. மீட்டர் இல்லாதபோது நிறத்தைப் பாருங்கள்: கேபிள் உறை மாதிரி சுத்தமான ஈயம் அதிகம் சூடானால் வழித்த மேற்பரப்பில் மஞ்சள், பிறகு ஊதா, நீலம் ஓடும். அந்த நிறம் வந்தால் தீயைக் குறைக்க வேண்டும். சூடு ஏற ஏற ஆக்சைடும் வேகமாகக் கூடும். எந்த ப்ளக்ஸ் போட்டாலும் அதன் பின்னால் ஓட முடியாது.

அச்சு எழுத்து கிடைத்தால் தனியாக வையுங்கள். அதில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்திருப்பதால் கெட்டியாக இருக்கும், வலையில் கடித்து மாட்டும் மணிக்கு ஆகாது, உடையும். தூண்டில் குண்டுக்கு நன்று. வெள்ளீயம் சீக்கிரம் ஆக்சைடாகும். அதை உருக்கும்போது ப்ளக்ஸ் போட்டுத் தேய்க்காமல் வழித்தால் விலை உயர்ந்த சரக்கை முதலில் வெளியே கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பேட்டரி ஈயத்தை வீட்டில் உருக்கவே வேண்டாம். எந்த ப்ளக்ஸாலும் அது சரியாகாது. தட்டுகளில் இருப்பதில் பெரும்பகுதி ஈய சல்பேட்டும் ஆக்சைடும் அமிலமும். உலோகத்தோடு கால்சியம், ஆன்டிமனி, ஆர்செனிக் எல்லாம் கலந்திருக்கலாம். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய விஷவாயுக்கள் கிளம்பும். நம் கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா? செனகல் நாட்டில் டாக்கர் நகரத்தை ஒட்டி தியாராய் சுர் மேர் என்று ஒரு கடலோரப் பகுதி இருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்ததில் மண்ணெல்லாம் ஈயத்தூசி ஏறி, 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். நம்மைப் போலக் கடலை நம்பி இருக்கிறவர்கள். பேட்டரியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் கேட்கின்றன.

அடுப்பு மூட்டும் முன்

வலையிலிருந்து கழற்றிய மணிகளை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். உப்பு இந்தச் சூட்டில் உருகாது, மேலே மிதந்து வந்துவிடும். ஆனால் உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மணிக்கு நடுவே நூல் போகும் துளையில் தண்ணீர் தங்கியிருக்கும், அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஈரச் சந்தேகம் உள்ள எதையும் குளிர்ந்த சட்டியில் முதலில் போட்டு, அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். உருகிய ஈயத்துக்குள் மணியை எறிவது கூடாது. நைலான் கயிறு, கேபிளின் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கையால் உரித்துவிடுங்கள். எரித்து எடுக்கலாம் என்று விட்டால் அமிலப் புகை வரும்.

சட்டி கனமான இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், சூட்டில் தளர்ந்து அடி விட்டுவிடும். ஒருதடவை ஈயம் உருக்கிய சட்டியோ கரண்டியோ திரும்ப அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது. என் மனைவி அதற்கென்று சட்டியின் காதில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவைத்திருக்கிறாள், யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

வீட்டு முற்றத்தில் உருக்க வேண்டாம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) பலமாக வீசும் நாளில் நான் அடுப்பே மூட்டுவதில்லை. மரத்தூள் சாம்பல் லேசானது, ஈயத்தூசியோடு அடுத்த வீடுவரை போகும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு, தூசிக்கான முகமூடி இவை இல்லாமல் சட்டியருகே போகாதீர்கள். வெற்றிலை, பீடி, டீ எல்லாம் கை முகம் கழுவிய பிறகுதான். உருக்கிய சட்டையோடு பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஈயத்தில் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. நான் வருஷாவருஷம் ரத்தம் கொடுத்து ஈய அளவு பார்த்துக்கொள்கிறேன். தொழிலாகச் செய்கிற எல்லோரும் பார்க்க வேண்டும்.

வழித்த கசடு

வழித்த கசடை மூடியுள்ள இரும்பு டப்பாவில்தான் போட வேண்டும். கசடை எடுக்கும்போது கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டாதீர்கள். அந்தத் தட்டில்தான் தூசி கிளம்புகிறது. மெல்லக் கவிழ்த்துக் கொட்டினால் போதும். ஆறியதும் மூடியை இறுக்கி, ஈயக் கழிவு என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஈரம் படாமல் வையுங்கள். டப்பா நிறைந்ததும் ஈயக் கழிவை எடுக்க அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கலாம், அவர்களிடம் அதற்கும் விலை உண்டு. சாம்பல்தானே என்று செடிக்குப் போடுவதும், கடலோரத்தில் கொட்டுவதும், பாத்திரம் துலக்க எடுப்பதும் கூடவே கூடாது. தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் காயவைத்து வேறொரு டப்பாவில் போடுங்கள். ஈரமாகவே கசடு டப்பாவில் போட வேண்டாம்.

சுத்தமான ஈயத்தை இரும்பு ஆங்கிள் துண்டின் இரு முனையிலும் அடைப்பு வைத்த அச்சில் சின்னச் சின்னக் கட்டியாக ஊற்றிக்கொள்ளுங்கள். அச்சையும் முதலில் அடுப்போரம் வைத்துச் சூடேற்றி, ஈரம் போக்கியபிறகே ஊற்ற வேண்டும். ஆறியதும் ஆணியால் ஓர் எழுத்துக் கீறிவிடுவேன்: கேபிள் உறைக்குக் கே, பழைய மணிக்கு ம, சக்கர எடைக்கட்டிக்குச் ச, அச்செழுத்துக்கு அ. மணி வார்க்கிற நாளில் எந்தக் கட்டி மெதுவானது, எது கெட்டி என்று திரும்பச் சோதிக்காமல் நேரே எடுத்துச் சட்டியில் வைக்கலாம்.